மேசைகளைச் சேர்த்துப் போட்டால் மட்டும் குழுவாகக் கற்றதாகாது

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரின் தமிழ்ப்பள்ளி வகுப்பு ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஐந்து பேருக்கு ஒரு மாஜோங் தாள், அதாவது குழுவாக எழுதும் பெரிய தாள். கையெழுத்து அழகாக உள்ளவள் எழுதுகிறாள், வாய்த்துடுக்கானவன் வகுப்பின்முன் படைக்கிறான், மற்ற மூவர் ஓரத்தில் பூ வரைகிறார்கள். தாள் சுவரில் ஏறிவிடும். அந்த மூவர் என்ன கற்றார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அதுதான் என் கவலை.

ஒருவரே முடித்துவிடக்கூடிய வேலையை ஐவருக்குக் கொடுப்பதே முதல் தவறு. உளவியலாளர் எலியட் அரான்சன் 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் தொடங்கிய 'ஜிக்சா' முறையில் பாடம் துண்டுகளாகப் பிரிகிறது, ஆளுக்கொரு துண்டு. ஒரே துண்டு கிடைத்தவர்கள் முதலில் கூடிப் பேசித் தெளிகிறார்கள். பிறகு தத்தம் குழுவுக்குத் திரும்பிக் கற்பிக்கிறார்கள். எந்தப் பிள்ளை வாய் திறக்காவிட்டாலும் குழுவுக்கு ஒரு பகுதி குறையும். ஆகவே கூச்சப்படும் பிள்ளையின் பேச்சையும் மற்றவர்கள் காதுகொடுத்துக் கேட்க வேண்டியிருக்கும்.

இதைவிடப் பெரிய தவறு, பிள்ளைகள் ஏற்கெனவே என்ன நினைக்கிறார்கள் என்று கேளாமலே பாடத்தைத் தொடங்குவது. புதியதை ஏற்கெனவே அறிந்ததோடு பொருத்தித்தான் பிள்ளை அறிவைக் கட்டிக்கொள்கிறது என்றார் உளவியலாளர் பியாஜே. அமிலம், காரம் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டி பால்மரம் வெட்டிப் பால் எடுத்த வீட்டுப் பிள்ளைக்கு, ஆசிட் ஊற்றினால் ரப்பர் பால் உறையும் என்று தெரிந்திருக்கும். ஆனால் 'ஆசிட் பாலைக் காய வைக்கிறது' என்று அது நினைத்திருக்கலாம். தவறு என்று சொல்லிக் கடந்துவிட்டால் தேர்வுக்குச் சரியான விடையை எழுதிவிட்டு, பழைய எண்ணத்தையே மனத்தில் வைத்திருக்கும். மாறாக, "மூடிய புட்டியில் பால் காய வழியில்லையே, அங்கேயும் சில நாளில் உறைகிறதே, ஏன்?" என்று கேளுங்கள். குழுவில் வாதம் கிளம்பும். விடை இதுதான்: நுண்ணுயிர்கள் அமிலத்தை உண்டாக்குகின்றன, ரப்பர் துகள்களை ஒன்றையொன்று விலக்கி வைத்திருந்த எதிர்மின்னூட்டத்தை அமிலம் தணிக்கிறது, துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. காரமான அம்மோனியாவைச் சேர்த்தால் ஏன் உறைவதில்லை என்பதைப் பிறகு அவர்களே ஊகிப்பார்கள். தோட்டத்துப் பிள்ளைக்குச் சொந்தமான இந்த அறிவை வகுப்புக்கு வெளியே நிறுத்துவது எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது.

'பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்' என்று ஆசிரியர் முற்றாக ஒதுங்கிவிடுவதும் கூடாது. துணையிருந்தால் எட்டக்கூடிய எல்லையைப் பற்றித்தான் உளவியலாளர் வைகாட்ஸ்கி பேசினார். அடிப்படையே தெரியாத பிள்ளையைத் தேடவிட்டால் அது திணறும். முதலில் ஒரு மாதிரி செய்துகாட்டி, கைபழகப் பழக உதவியைக் குறையுங்கள்.

குழுவுக்கு ஒரே மதிப்பெண் போடுவதையும் விட்டுவிடலாம். மலேசியப் பள்ளிகளில் ஆசிரியரே செய்யும் வகுப்பறைசார் மதிப்பீட்டின் 1 முதல் 6 வரையிலான அடைவுநிலை தனிப் பிள்ளைக்கு உரியது. வேலை முடிந்ததும் ஆளுக்கு இரண்டு வரி, பார்க்காமல், தனியாக எழுதச் சொன்னால் போதும்.

வகுப்பில் ஆறேழு பேர்தான் என்றால் குழுவே வேண்டாம். தனியாகச் சிந்திக்கட்டும், பக்கத்துப் பிள்ளையோடு பேசட்டும், பிறகு எல்லோருக்கும் சொல்லட்டும். ஆள் குறைந்த தோட்டப் பள்ளிக்கு இந்த இணைமுறை நன்றாகப் பொருந்தும்.