நீண்ட தூர ஓட்டத்துக்கு முதல் ஷூ: காலை அளப்பதில் இருந்து கடையில் ஓடிப் பார்ப்பது வரை

ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் 21 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்த கையோடு எல்லோரும் கேட்பது, "எந்த மாடல் வாங்கட்டும்?" மாடல் பெயர் சொல்வதில் எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை, ஆனால் என் காலுக்குச் சுகமாக இருக்கிற ஷூ எட்டாவது கிலோமீட்டரில் உங்கள் சுண்டுவிரலைக் கடிக்க ஆரம்பித்தால் திட்டு எனக்குத்தான் வரும். அதனால் இங்கே மாடல் பட்டியல் கிடையாது. உங்கள் காலுக்குப் பொருந்துவதை நீங்களே கண்டுபிடிப்பது எப்படி, அது நாலைந்து மாதப் பயிற்சியைத் தாங்குமா என்று கடையிலேயே பார்ப்பது எப்படி, இவ்வளவுதான்.

முதலில் ஒன்றைத் தூக்கிப் போட்டுவிடலாம். "புதுச் செருப்புன்னா கடிக்கத்தான் செய்யும், போகப் போகச் சரியாயிடும்" என்று வீட்டில் சொல்வார்கள். தோல் செருப்புக்கு அது சரி, தோல் தளரும். ஓட்ட ஷூவின் மேல்பக்கம் பாலியஸ்டர் அல்லது நைலான் வலைத்துணி, அது அவ்வளவாக இளகிக் கொடுக்காது. கடையில் லேசாக உறுத்துகிற இடம் 15 கிலோமீட்டரில் கொப்புளமாகிவிடும்.

படி 1: காலை அளங்கள்

சாயங்காலம் அளங்கள். நாள் முழுக்க நின்று நடந்த பிறகு பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும், நீண்ட தூரம் ஓடும்போதும் அப்படித்தான் ஆகும். ஒரு வெள்ளைத் தாளைச் சுவரோடு ஒட்டித் தரையில் வைத்து, குதிகால் சுவரைத் தொடும்படி முழு எடையும் விழ நின்று, நீளமான விரலின் நுனியில் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து ஒரு கோடு போடுங்கள். உட்கார்ந்துகொண்டு அளந்தால் கணக்குத் தப்பும். சிலருக்குக் கட்டைவிரலைவிட இரண்டாவது விரல் நீளமாக இருக்கும், எது நீளமோ அதுதான் கணக்கு. இரண்டு காலையும் அளங்கள், பெரும்பாலும் ஒன்று கொஞ்சம் பெரிசாக இருக்கும், பெரிய காலுக்குத்தான் ஷூ.

சென்டிமீட்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கடையில் சொல்லும் நம்பரை நம்ப முடியாது. "நான் எட்டாம் நம்பர்" என்பது ஆபீஸ் ஷூவோடு சரி. ஷூவின் நாக்குக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கும் லேபிளில் அமெரிக்க, பிரிட்டிஷ், ஐரோப்பிய அளவுகளோடு சென்டிமீட்டரும் இருக்கும். அடிடாஸின் பிரிட்டிஷ் 8ல் அது 26.5, ஆசிக்ஸின் 8ல் 27. அரை சென்டிமீட்டர் வித்தியாசம்! பிரிட்டிஷ் அளவில் ஒரு நம்பர் என்பதே சுமார் 8.5 மில்லிமீட்டர்தான், அப்படியென்றால் இங்கே அரை நம்பருக்கும் மேலே மாறிப்போகிறது. கால் 26 சென்டிமீட்டர் என்றால் லேபிளில் 26.5 அல்லது 27 போட்டதில் இருந்து போட்டுப் பார்க்க ஆரம்பியுங்கள்.

பாதம் அகலமானவர்கள் (நம்மில் சிறு வயது முழுக்க வெறுங்காலிலும் ஹவாய் செருப்பிலும் திரிந்தவர்கள் ஏராளம்) அகலம் போதாமல் ஒரு நம்பர் கூட வாங்கிவிடுவார்கள். அப்போது நீளம் அதிகமாகிக் குதிகால் வழுக்கும். சில கம்பெனிகளில் அதே நீளத்திலேயே அகலமான ஷூ உண்டு, ஆண்களுக்கு 2இ, 4இ என்று பெட்டியில் போட்டிருக்கும். கேட்டால்தான் உள்ளே போய் எடுத்து வருவார்கள்.

படி 2: பட்ஜெட்டைக் கிலோமீட்டரில் போடுங்கள்

பொதுவாக ஒரு ஓட்ட ஷூ 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும் என்பார்கள். உடம்பு எடை கூடினால், சிமெண்ட் ரோட்டிலேயே ஓடினால், குதிகாலை இழுத்து இழுத்து வைப்பவர் என்றால் கீழ்க் கணக்கு. செப்டம்பரில் பயிற்சி ஆரம்பித்து வாரம் 35 கிலோமீட்டர் வீதம் 16 வாரம் ஓடினால் 560 கிலோமீட்டர். அதாவது பந்தய நாள் வரும்போது உங்கள் புது ஷூ கிட்டத்தட்டக் கிழவனாகியிருக்கும்.

9,000 ரூபாய் ஷூ 600 கிலோமீட்டர் வந்தால் கிலோமீட்டருக்கு 15 ரூபாய். 3,000 ரூபாய் ஷூ 200 கிலோமீட்டரிலேயே தட்டையாகிவிட்டால் அதுவும் 15 ரூபாய்தான், கூடவே முழங்கால் வலி இலவசம். இதற்காக விலை கூடியதுதான் உழைக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உண்மையில் மிக விலை கூடிய ரகம், கார்பன் பிளேட் (ஃபோமுக்குள் வைக்கும் விறைப்பான கார்பன் இழைத் தகடு) போட்ட பந்தய ஷூ, சீக்கிரம் தேய்கிற ரகம். 2019ல் வியன்னாவில் கென்ய மாரத்தான் வீரர் எலியுட் கிப்சோகே 42.2 கிலோமீட்டரை 2 மணி நேரத்துக்குள் ஓடியது அந்த மாதிரி ஷூவில்தான், அதைப் பார்த்துவிட்டு முதல் ஷூவே அதுதான் வேண்டும் என்று நிற்கிறவர்கள் உண்டு. எடை குறைப்பதற்காக அதன் அடியில் ரப்பரை மிச்சம் பிடித்திருப்பார்கள், மெதுவாக ஓடினால் தள்ளாடும். தினசரிப் பயிற்சிக்கு என்று விற்கிற சாதாரண ஷூ, ஒரு கால் 250 முதல் 300 கிராம், அது போதும்.

"ஃபர்ஸ்ட் காப்பி" பக்கம் போகாதீர்கள். பார்க்க அச்சு அசலாக இருக்கும், உள்ளே இருக்கும் ஃபோம் என்ன சரக்கென்று யாருக்கும் தெரியாது.

படி 3: போடுவதற்கு முன் கையால் சோதியுங்கள்

உழைக்குமா என்பதற்கான பதில் பாதி இங்கேயே கிடைத்துவிடும், ஆனால் கடையில் இதைச் செய்கிறவர்கள் ரொம்பக் குறைவு.

திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். குதிகாலின் வெளி ஓரமும், விரல்களுக்குக் கீழே இருக்கும் மேடும்தான் முதலில் தேயும், அந்த இரண்டு இடத்திலும் ரப்பர் இருந்தே ஆக வேண்டும். நகத்தால் அழுத்திப் பாருங்கள்: கெட்டியாக, நகம் இறங்காமல் இருந்தால் கார்பன் ரப்பர், நிறைய நாள் வரும், மெத்தென்று இருந்தால் காற்றூட்டிய ரப்பர், காலுக்கு இதம், ஆனால் சீக்கிரம் தேயும். பல ஷூக்களில் குதிகாலில் முதலாவதும் முன்னால் இரண்டாவதும் வைத்திருப்பார்கள், அது நல்ல ஏற்பாடு. ரப்பரே இல்லாமல் வெறும் ஃபோம் தரையைத் தொடுகிற ஷூ நம் பிளாட்பார பேவர் கல்லில் ரொம்ப நாள் தாங்காது.

அடுத்து, இரண்டு நுனியையும் பிடித்து வளையுங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும், நடுவில் மடிந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். குதிகாலைச் சுற்றியிருக்கும் பின்சுவரை இரு விரலால் அமுக்கிப் பாருங்கள், ஓரளவு விறைப்பு வேண்டும். மேஜை மேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள், இரண்டும் நேராக நிற்கிறதா? புது ஷூவே ஒரு பக்கம் சாய்ந்து நிற்பதும் உண்டு. பிறகு உள்ளே கையை விட்டு விரலால் தடவுங்கள், கண்ணுக்குத் தெரியாத தையல் முடிச்சு விரலில் தட்டுப்படும். மேல் துணியும் ஃபோமும் சேருகிற இடத்தில் பசைக் கோடு விட்டுவிட்டு இருந்தால் முதல் மழையிலேயே வாய் பிளந்துவிடும்.

குதிகால் உயரத்துக்கும் முன்பாத உயரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை டிராப் என்பார்கள். நைக்கி பெகாசஸில் 10 மில்லிமீட்டர், ஆல்ட்ராவின் பெரும்பாலான ஷூக்களில் பூஜ்யம். புதிதாக ஓட வருகிறவர்கள் 8 முதல் 10 வரை உள்ளதை எடுத்தால் கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாணுக்கும் சுமை குறையும். இதற்கு மேல் இதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

படி 4: போட்டு, நின்று, ஓடிப் பாருங்கள்

கடைக்குப் போவதும் சாயங்காலம்தான். ஓடும்போது போடும் சாக்ஸையே கொண்டு போங்கள். அது பருத்தியாக இருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள், பருத்தி வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு தோலை உரசும், சென்னைக் காற்றில் அரை மணியில் சொட்டச் சொட்ட நனைந்துவிடும். பாலியஸ்டர் அல்லது நைலான் கலந்த ஓட்ட சாக்ஸ் போதும்.

இரண்டு காலிலும் போட்டு, லேஸ் கட்டி, எழுந்து நில்லுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். இது இல்லாமல் ஓடுகிறவர்களுக்குத்தான் கால் நகம் கறுத்து விழுகிறது. விரல்களை உள்ளே விரித்து அசைக்க முடிய வேண்டும், அதே சமயம் நடுப்பாதம் கெட்டியாகப் பிடித்திருக்க வேண்டும், குதிகால் எழும்பக் கூடாது.

குதிகால் லேசாக வழுக்குகிறதென்றால் உடனே சின்ன நம்பருக்குத் தாவாதீர்கள். லேஸ் வரிசையில் கணுக்காலை ஒட்டி ஒரு ஓட்டை சும்மா இருக்கும். லேஸை அதே பக்கத்தில் அந்த ஓட்டைக்குள் விட்டு ஒரு சின்ன வளையம் வையுங்கள், மறுபக்கமும் அப்படியே. பிறகு வலது லேஸை இடது வளையத்துக்குள்ளும், இடதை வலதுக்குள்ளும் நுழைத்துக் கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கள். குதிகால் அப்படியே உட்காரும். அப்போதும் வழுக்கினால்தான் ஷூ சரியில்லை.

அப்புறம் ஓடுங்கள். கடைக்குள்ளேயே, அந்தக் கண்ணாடிக்கும் கல்லாவுக்கும் நடுவே, நாலு தடவை. கூச்சப்பட வேண்டாம், விற்பவர் "நடந்து பாருங்க சார், போதும்" என்பார். நீங்கள் வாங்குவது ஓடுவதற்கு. மூன்று நாலு மாடலாவது மாற்றிப் போட்டுப் பாருங்கள், ஒரு காலில் ஒன்று மறு காலில் இன்னொன்று போட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

இந்த இடத்தில் யாராவது உங்கள் ஈரப் பாதத்தின் தடத்தைப் பார்த்து, "உங்களுக்குத் தட்டைப் பாதம், இந்த ஷூதான் போடணும்" என்று சொல்லலாம். அமெரிக்க ராணுவம், விமானப்படை, மரைன் பயிற்சி முகாம்களில் பாத வடிவத்தைப் பார்த்து ஷூ கொடுத்துச் சோதித்தார்கள், எல்லோருக்கும் ஒரே ரகம் கொடுத்ததைவிட அதில் காயம் சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் பல காலம் இதை ஆராய்ந்த பென்னோ நிக், 2015ல் எழுதிய கட்டுரையில் காலுக்கு எது சுகமாகப் படுகிறதோ அதையே வழிகாட்டியாக வைக்கலாம் என்று முன்வைத்தார். எனக்கும் அதுதான் கட்சி. ஏற்கெனவே முழங்காலிலோ குதிகாலிலோ வலி இருக்கிறவர்கள் மட்டும் பிசியோதெரபிஸ்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இணையத்தில் வாங்கினால் இதையெல்லாம் வீட்டு டைல்ஸ் தரையில் செய்யுங்கள், டேக்கைக் கழற்றாமல். வெளியே ஒரு அடி வைத்தாலும் பெரும்பாலும் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

படி 5: மழையையும் வெயிலையும் கணக்கில் எடுங்கள்

ஜனவரிப் பந்தயத்துக்கான நீண்ட ஓட்டங்கள் எல்லாம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, சரியாக வடகிழக்குப் பருவமழைக்குள் விழும். உடனே நீர் புகாத ஷூ வாங்கத் தோன்றும். வேண்டாம். குளிர் நாடுகளுக்கு அது சரி, இங்கே கணுக்கால் வழியாக இறங்கும் தண்ணீரும் வியர்வையும் வெளியேற முடியாமல் உள்ளேயே சளசளவென்று நிற்கும். கண்கள் பெரிதாக உள்ள மெல்லிய வலைத்துணிதான் நமக்கு: நனையும், ஆனால் வடிந்துவிடும்.

நனைந்த ஷூவில் இன்சோலைக் கழற்றி, பழைய பேப்பரைக் கசக்கித் திணித்து, ஃபேன் காற்றில் வையுங்கள், பேப்பர் ஊறியதும் மாற்றுங்கள். உச்சி வெயிலில் காயவைப்பதும், ஸ்கூட்டர் டிக்கியில் போட்டு நாள் முழுக்க வெயிலில் நிறுத்துவதும் பசைக்கு எமன். வாஷிங் மெஷினும் வேண்டாம்.

முடிந்தால் பயிற்சியின் நடுவில், 250 கிலோமீட்டர் வாக்கில், இரண்டாவது ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒன்று காய ஒரு நாள் கிடைக்கும், பந்தயத்துக்கும் பழகின, ஆனால் தேயாத ஒரு ஜோடி கையில் இருக்கும். புது ஷூவை முதல் வாரம் 3, 5 கிலோமீட்டர் ஓட்டங்களுக்கு மட்டும் போடுங்கள். பந்தயத்துக்கு முந்தின நாள் பந்தய எண் இருக்கும் பையை வாங்கப் போகும் இடத்தில் தள்ளுபடியில் பார்த்ததை மறுநாள் காலை போட்டுக்கொண்டு ஓடுவது வேண்டவே வேண்டாம்.

படி 6: எப்போது மாற்றுவது

மேல்பக்கம் புதுசு போலவே இருக்கும், அதை நம்பாதீர்கள். ரப்பர் தேய்ந்து உள் ஃபோம் தெரிந்தாலோ, பக்கவாட்டில் ஃபோமில் ஆழமான மடிப்பு விழுந்து அமுக்கினால் திரும்பி எழும்பாமல் இருந்தாலோ, மேஜையில் வைத்தால் சாய்ந்தாலோ அதற்கு ஓய்வு கொடுங்கள். எப்போதும் ஓடும் சுலபமான தூரத்துக்கே திடீரென்று முன்கால் எலும்பும் முழங்காலும் வலித்தால் முதல் சந்தேகம் ஷூ மேல் இருக்கட்டும். வாங்கிய தேதியை நாக்குக்குள் மார்க்கரால் எழுதி வையுங்கள், ஓட்டத்தைப் பதிகிற ஆப்பில் ஷூவையும் சேர்த்துவிட்டால் கிலோமீட்டரை அதுவே கூட்டிக்கொண்டு வரும். ஓய்வு பெற்றது கடைக்குப் போகவும் தோட்ட வேலைக்கும் இன்னும் ஒரு வருஷம் வரும்.