ஓசிஐ அட்டையும் ஏற்காட்டுத் தோட்டமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவிலோ அமெரிக்காவிலோ பிறந்து, பெற்றோரின் பூர்வீகத்தைக் காட்டி ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்திய அரசு தரும் அட்டை) பெற்றுச் சேலத்திலேயே நிலையாகக் குடியிருப்பவர்கள், எத்தனை ஆண்டுகள் இங்கு வாழ்ந்தாலும் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டவரே. ஆயுள் முழுவதும் தனி விசா இன்றி வந்து தங்கலாம் என்ற சலுகையைக் குடியுரிமையாகவே எண்ணிக்கொள்வதிலிருந்துதான் மற்றத் தவறுகள் கிளைக்கின்றன.

அவற்றுள் பெரிதும் பணத்தை விழுங்குவது நிலம். 2021 மார்ச் 4 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கையின்படி, அட்டைதாரர்கள் வீடும் கடையும் வாங்கலாம். விவசாய நிலம், பண்ணை வீடு, தோட்ட நிலம் ஆகியவற்றை வாங்க முடியாது. சேலம் அஸ்தம்பட்டியில் அடுக்குமாடி வீடு வாங்கத் தடையில்லை. காப்பியும் மிளகும் விளையும் ஏற்காட்டில்தான் சிக்கல் வருகிறது. தோட்டத்தின் நடுவே பங்களா இருப்பதால் வீடு என்றே பத்திரம் எழுதிக்கொள்ளலாம் எனத் தரகர் சொன்னால், பட்டாவையும், பயிர் விவரம் பதியும் வருவாய்த்துறைப் பதிவேடான அடங்கலையும் வாங்கி, அங்கு என்ன பயிர் குறிக்கப்பட்டுள்ளது என்று பார்த்துவிட வேண்டும். சார்பதிவாளர் பதிந்து கொடுத்துவிட்டார் என்பதனால் மீறல் சரியாகிவிடாது. வாங்கியவர் வெளிநாட்டில் வசிப்பவரானால், சம்பந்தப்பட்ட தொகையைப் போல் 3 மடங்கு வரை அபராதம் விதிக்க அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் இடமளிக்கிறது. மச்சான் பெயரில் வாங்கிப் பணத்தை மட்டும் தாம் கொடுப்பது இன்னும் மோசம், ஏனெனில் அது பினாமிச் சட்டத்தின்கீழ் சொத்துப் பறிமுதலில் கொண்டுபோய் விடும்.

பூர்வீக நிலத்தில் ஒரு நுட்பம் உண்டு. வெளிநாட்டில் வசிக்கும் அட்டைதாரருக்குத் தந்தை உயிருடன் இருக்கும்போது தான செட்டில்மெண்டாக விவசாய நிலத்தை எழுதிவைத்தால் அது செல்லாது. அதே நிலம் அவர் காலத்துக்குப் பின் வாரிசுரிமையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். அவசரப்பட்டுச் செட்டில்மெண்ட் எழுதும் குடும்பங்கள் இந்த வேறுபாட்டைக் கேட்டறிவதே இல்லை.

வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பதும் தவறே. இந்தியக் குடிமகன் என்று பொய்யான உறுதிமொழி கொடுத்தால் 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31-ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. வெளிநாட்டுக் குடியுரிமை பெறும் முன்பே பட்டியலில் இருந்த பெயரையும் படிவம் 7 கொடுத்து நீக்கிவிட வேண்டும்.

குடியுரிமையே வேண்டுமென்போர் காலப்போக்கில் அது தானாக வந்துவிடும் என்று காத்திருக்கக் கூடாது. அட்டை பெற்று 5 ஆண்டுகள் நிறைந்து, விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதங்கள் இந்தியாவில் வசித்தவர்கள் பதிவு முறையில் விண்ணப்பிக்கலாம். ஆனால் மற்ற நாட்டுக் குடியுரிமையைக் கைவிட்டாக வேண்டும்.