வேலை கிடைச்சாச்சா இல்லையான்னு மட்டும் பாத்தா பத்தாது

வேலை தேடுறவங்களுக்கு உதவுற திட்டம் நடத்துறீங்களா? அதுல வேலை கிடைச்சவங்க எத்தனை பேருன்னு மட்டும் எண்ணினா, ரொம்ப நாள் வீட்லயே இருந்துட்டு இப்பதான் இன்டர்வியூவுக்கே போக ஆரம்பிச்சவரோட முன்னேற்றம் கணக்குலயே வராது. அதனால ஒருத்தர் திட்டத்துல சேர்ந்த முதல் வாரமே ஒரு ஆரம்ப அளவு எடுத்துருங்க, தன்னம்பிக்கை, ரெஸ்யூமே, வேலை தேடுற பழக்கம், உடல்நிலை, குழந்தைய பாத்துக்க ஆள் இருக்கான்னு ஒவ்வொண்ணுக்கும் 1லேர்ந்து 5 வரைக்கும் மார்க். வெறும் நம்பர் போதாது, 2ன்னா யாராவது கூட உக்காந்தாதான் அப்ளிகேஷன் போடுவாரு, 4ன்னா தானே தேடி போடுறாரு, இப்படி எழுதி வைக்கணும், இல்லன்னா ஒவ்வொரு ஸ்டாஃபும் தோணுனத போட்டு வைப்பாங்க.

6 வாரமோ 8 வாரமோ கழிச்சு அதே கேள்விங்கள திரும்ப கேளுங்க, அவர்கிட்ட பேசியே மார்க் போடுங்க. மார்க் குறைஞ்சா பதறாதீங்க! எல்லாம் தெரியும்னு நினைச்சு வந்தவருக்கு நிஜ இன்டர்வியூ எப்படின்னு புரிஞ்சதும் தனக்கே கொறச்சு போடுவாரு, இது சகஜம். அதுக்குத்தான் "இப்ப யோசிச்சா ஆரம்பத்துல உங்களுக்கு எவ்ளோ போடுவீங்க"ன்னு ஒரு கேள்வி சேர்த்துக்கோங்க.

இந்த மார்க்க ஸ்டாஃபுக்கு டார்கெட்டா மட்டும் வச்சுடாதீங்க ப்ளீஸ், வச்சா எல்லாருக்கும் மார்க் தானா ஏறிடும் (எப்படின்னு கேக்காதீங்க). வேலைக்கு போனப்புறமும் 3 மாசம், 6 மாசம் கழிச்சு போன் போட்டு இன்னும் வேலையில இருக்காங்களான்னு குறிச்சு வைங்க.