மடக்கு ஏணி வாங்கும் முன்: அட்டிக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் வீடு வாங்கிக் குடியேறியவர்களுக்கு, கராஜ் நிரம்பியதும் கூரைக்கும் சீலிங்குக்கும் இடையிலுள்ள அட்டிக் மேல் கண் விழும். தலைக்கு மேல் இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே என்று ஒரு சனிக்கிழமை ஹோம் டிப்போ போய் மடக்கு ஏணி ஒன்றைக் காரில் ஏற்றி வந்துவிடுவார்கள். முதல் தவறே அதுதான். இந்த வேலையில் ஏணி கடைசியாக வாங்க வேண்டிய பொருள்.

முதலில் சீலிங்கில் ஏற்கெனவே இருக்கும் சிறு மூடியைத் திறந்து, டார்ச் அடித்து மேலே பாருங்கள். மரச்சட்டங்கள் முக்கோணம் முக்கோணமாக, இணைப்புகளில் பல் வைத்த இரும்புத் தகடுகளோடு இருந்தால் அது ட்ரஸ் கூரை. அதில் எந்தச் சட்டத்தையும் வெட்டக் கூடாது; ஒன்றை வெட்டினாலும் கூரையின் சுமை போகும் வழியே மாறிவிடும். ட்ரஸ்கள் பெரும்பாலும் 24 அங்குல இடைவெளியில் இருக்கும். 22½ அங்குல அகலம், 54 அங்குல நீளம் கொண்ட திறப்பில் உட்காரும் ஏணி அந்த இடைவெளிக்காகவே செய்யப்படுகிறது. ஆனால் அது ட்ரஸ்களுக்கு இணையாகத்தான் உட்காரும். உங்கள் ஹால்வே அவற்றுக்குக் குறுக்கே ஓடினால் வேறு இடம் தேட வேண்டியதுதான். 16 அங்குல இடைவெளியில் ஜாயிஸ்ட் (சீலிங்கின் குறுக்குச் சட்டம்) போட்ட பழைய வீடு என்றால் ஒன்றையாவது வெட்டி, இரு முனையிலும் இரட்டைச் சட்டம் கொடுக்க வேண்டும். அதற்கு ஊர் அலுவலகத்தில் பெர்மிட் வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அடுத்தது சுமை. இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. சீலிங் ஜாயிஸ்ட் என்பது கீழேயுள்ள ட்ரைவாலை (ஜிப்சம் பலகையை) பிடித்திருக்கப் போட்ட மரம், தளத்துக்கான மரம் அல்ல. அமெரிக்க வீட்டுக் கட்டுமான விதிப்படி, சாமான் வைக்காத அட்டிக்குக்குச் சதுர அடிக்கு 10 பவுண்டு, ஓரளவு சாமான் வைக்கும் அட்டிக்குக்கு 20 பவுண்டு என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். 12 அங்குல அகலம், 16 அங்குல நீளம் உள்ள ஓர் அட்டைப்பெட்டியில் புத்தகம் நிரப்பினால் 40 பவுண்டு சர்வ சாதாரணமாக வரும். அப்படிப்பட்ட பெட்டிகளை ஒற்றை அடுக்காக வரிசை வைத்தாலே சதுர அடிக்கு 30 பவுண்டு ஆகிவிடும். புத்தகம், கிரைண்டர், ஜிம் வெயிட் எதுவும் மேலே போக வேண்டாம். உங்கள் வீடு எந்தக் கணக்கில் கட்டப்பட்டது என்று தெரியாவிட்டால் ஒரு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அந்தச் செலவு, சீலிங் பழுதானால் ஆகும் செலவைவிடக் குறைவுதான்.

ஜாயிஸ்ட்களுக்கு இடையே வெப்பக் காப்புக்காகப் போட்டிருக்கும் இன்சுலேஷன் மேல் அப்படியே ப்ளைவுட்டைப் போட்டு அழுத்துவது இன்னொரு பரவலான தவறு. ஜாயிஸ்ட் 2×6 மரம் என்று சொன்னாலும் அதன் உயரம் 5½ அங்குலம்தான். ஆர்-38 (ஆர் என்பது காப்பின் அளவு) ஃபைபர்கிளாஸ் இன்சுலேஷனோ சுமார் 12 அங்குலம் இருக்கும். பாதிக்கு மேல் நசுங்கினால் அதன் காப்பும் குறையும். குளிர்காலத்து கேஸ் பில்லில் தெரியும். ஜாயிஸ்ட்களுக்குக் குறுக்கே மரம் அடித்து உயர்த்தி, அதன் மேல் பலகை போடுங்கள். அந்த மரத்தின் எடையையும் சுமைக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். கூரை ஓரத்தில் காற்று வரும் சாஃபிட் வழியை அடைக்காதீர்கள். பலகையை ஆணி அடித்துப் பொருத்தினால் அதிர்வில் கீழே சீலிங் விரிசல் விடும், ஸ்க்ரூதான் நல்லது. அப்புறம், ப்ளைவுட்டை இரண்டுக்கு நாலு அடித் துண்டுகளாகக் கடையிலேயே அறுத்து வாங்குங்கள். முழுப் பலகையை அந்தத் துவாரம் வழியாக ஏற்றப் போராடுபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

மேலே சாம்பலும் பழுப்புமாக, மினுமினுக்கும் சிறு கூழாங்கல் போன்ற பொருள் கொட்டிக் கிடந்தால் கை வைக்காமல் இறங்கிவிடுங்கள். அது வெர்மிக்குலைட். அமெரிக்காவில் விற்றதில் பெரும்பங்கு மொன்டானாவின் லிபி சுரங்கத்திலிருந்து வந்தது. அதில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. சுரங்கத்தை 1990-இல் மூடிவிட்டாலும், அதற்கு முன் கட்டிய வீடுகளில் அது இன்னும் இருக்கிறது. பெருக்கவோ வேக்யூம் போடவோ கூடாது.

இதெல்லாம் சரி என்றால் இனி ஏணி. தரையிலிருந்து சீலிங் வரை உயரம், ஏணி சுழன்று இறங்கவும் கால் ஊன்றவும் தேவைப்படும் இடம், இவற்றை அளந்துகொண்டு பெட்டியில் அச்சிட்டிருப்பதோடு ஒப்பிடுங்கள். 250 பவுண்டு தாங்கும் என்றால் அது உங்கள் எடையும் கையில் உள்ள பெட்டியும் சேர்த்து. 200 பவுண்டு ஆள் 50 பவுண்டு பெட்டியோடு ஏறினால் கணக்கு முடிந்தது. விலை கொஞ்சம் கூடினாலும் 350, 375 பவுண்டு தாங்கும் ஏணியே என் தேர்வு.

பொருத்தும்போது கறுப்பு ட்ரைவால் ஸ்க்ரூவைப் போடாதீர்கள். அது வளையாது, பட்டென்று முறியும். தயாரிப்பாளர் சொல்லும் லேக் ஸ்க்ரூவோ (தடித்த மர ஸ்க்ரூ) பெரிய ஆணியோ மட்டும்தான், அதுவும் சொன்ன எண்ணிக்கை குறையாமல். மர ஏணியின் கால்களை நம் வீட்டு உயரத்துக்கு அறுக்க வேண்டும். தரை எப்போதும் சமமாக இருக்காது என்பதால் இரண்டு காலையும் தனித்தனியே அளந்துகொள்ளுங்கள். கால் நீண்டுவிட்டால் ஏணி மூட்டில் மடங்கி நிற்கும். குட்டையானால் கால் தரையில் படாமல் உங்கள் எடை முழுவதும் மேலே கீலில் தொங்கும். விரித்து நிறுத்தியதும் மூட்டுகள் இடைவெளி இல்லாமல் சேர்ந்து, ஏணி ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும்.

கராஜ் சீலிங்கில் ஏணி வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டை ஒட்டிய கராஜின் ட்ரைவால் பெரும்பாலும் தீத்தடுப்பும்கூட. அதில் சாதாரண ஏணிக்காக ஓட்டை போட்டால் அந்தத் தடுப்பு போய்விடும். தீத்தாங்கும் கதவோடு வரும் ஏணிகள் தனியாகக் கிடைக்கின்றன.

கோடை மதியம் அட்டிக் சூடு 130 டிகிரி ஃபாரன்ஹீட்டைச் சுலபமாகத் தாண்டும். களிமண் கொலுப் பொம்மைகள் தாங்கும். காகிதக்கூழ் பொம்மை, பட்டுப்புடவை, ஃபோட்டோ ஆல்பம், மெழுகுவர்த்தி, பேட்டரி, பெயின்ட் தாங்காது. கிரில்லுக்கான கேஸ் சிலிண்டரை மறந்தும் ஏற்றாதீர்கள்.

கடைசியாக, ஏணிக் கதவு வெறும் மெல்லிய பலகைதான். அதைச் சுற்றிக் கால் அங்குல இடுக்கு இருந்தாலே, ஒரு பெட்ரூமுக்கு வரும் ஹீட்டர் காற்றின் அளவுக்கு வெளியே போய்விடலாம். ஓரத்தில் ரப்பர் பட்டை ஒட்டி, மேலே இன்சுலேஷன் கூடாரமோ ஃபோம் பெட்டியோ கவிழ்த்துவிடுங்கள். இறங்கும்போது அதை மூடிவிட்டு வரப் பழகுங்கள். பலர் வாங்கி வைத்து ஓரமாகத் தள்ளியே விட்டிருப்பார்கள்.