கிமோட்டோ சாக்கேயை ருசித்துப் பார்ப்பது எப்படி?

ஜப்பானின் அரிசி மதுவான சாக்கேயைச் சில்லென்றுதான் குடிக்க வேண்டும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். பழ வாசனை தூக்கலாக இருக்கும் கின்ஜோ வகைக்கு அது சரி. பழைய முறையில் தயாராகும் கிமோட்டோவை அப்படிக் குடித்தால் பாதி ருசி பிடிபடாது.

நாம் எடுத்துக்கொள்ளப் போவது ஃபுகுஷிமா மாகாணத்தில் நிஹோன்மாட்சு என்ற ஊரிலுள்ள தாய்ஷிச்சி ஆலையின் ஜுன்மாய் கிமோட்டோ. 1752-இல் தொடங்கிய ஆலை. அரிசி, கோஜிப் பூஞ்சை, ஈஸ்ட், தண்ணீர் தவிர வேறெதுவும் சேராதது ஜுன்மாய். இன்று பெரும்பாலான ஆலைகள் ஈஸ்ட் வளர்க்கும் அரிசிக் கலவையில் லாக்டிக் அமிலத்தை நேரடியாக ஊற்றிவிடுகின்றன. இரண்டு வாரத்தில் வேலை முடிந்துவிடும். கிமோட்டோவில் அந்தப் புளிப்பைப் பாக்டீரியாவே உண்டாக்கும்வரை காத்திருக்கிறார்கள். ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும்.

படி 1: வெள்ளைப் பீங்கான் கிண்ணம் எடுங்கள். ஆலைகளில் அடியில் இரண்டு நீல வளையம் போட்ட கிண்ணம் வைத்திருப்பார்கள். வெள்ளையில் நிறம் தெரியும், நீலத்தில் தெளிவு தெரியும். லேசான மஞ்சள் இருந்தால் பயப்பட வேண்டாம்.

படி 2: முகர்ந்து பாருங்கள். பழ வாசனையைத் தேடாதீர்கள். வெந்த அரிசியும், நம் நீராகாரத்தில் வருவது போன்ற மெல்லிய புளிப்பும் தெரியும்.

படி 3: அறை வெப்பத்தில் ஒரு சின்ன மடக்கு. உடனே விழுங்காமல் நாக்கில் பரவ விட்டு, வாய் வழியாகக் கொஞ்சம் காற்றை இழுத்து, மூக்கு வழியாக விடுங்கள். விழுங்கிய பிறகு எது நிற்கிறது, இனிப்பா புளிப்பா என்று கவனியுங்கள்.

படி 4: இதுதான் முக்கியம். தண்ணீரைக் கொதிக்கவிட்டு அடுப்பை அணையுங்கள். சாக்கே நிரப்பிய தொக்குரி ஜாடியைக் கழுத்தளவுக்கு அதில் இறக்குங்கள். ஜாடிக்குள் விட்ட சமையல் தெர்மாமீட்டர் 40 டிகிரி காட்டியதும் ஒரு மடக்கு, 45-இல் இன்னொரு மடக்கு. புளிப்பின் கூர்மை மழுங்கி, கறிச்சாறு போன்ற உமாமிச் சுவை மேலே வரும். 55-ஐத் தாண்டினால் ஆல்கஹால் நெடிதான் மூக்கில் ஏறும். மைக்ரோவேவ் வேண்டாம், ஜாடிக்குள் ஒரே சீராகச் சூடேறாது.

இடையிடையே தண்ணீர் குடியுங்கள். இதில் ஆல்கஹால் சுமார் 15 சதவீதம், பீரைப் போல மூன்று மடங்கு. தொட்டுக்கொள்ளச் சுட்ட மீனோ மிசோ என்ற சோயா விழுது தடவிய கத்தரிக்காயோ போதும். மிச்சமானால் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். அடுத்த வாரம் எடுத்து மறுபடி சூடாக்கினாலும் நன்றாகவே இருக்கும்.