போடப் போட லூஸ் ஆகாது: ரன்னிங் ஷூ வாங்கும்போது நாம் செய்யும் தவறுகள்

“போடப் போட லூஸ் ஆயிடும் சார்.”

கடைக்காரர் சொன்ன இந்த ஒரு வரியை நம்பி நான் இழந்தது இரண்டு பெருவிரல் நகங்களையும் நாலாயிரத்துச் சொச்சம் ரூபாயையும். அவரை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது, பாவம், தோல் ஷூ விற்றுப் பழகியவர். தோல் என்றால் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்ந்து காலின் வாகுக்கு வந்துவிடும். ரன்னிங் ஷூவின் மேல்பாகம் பெரும்பாலும் பாலியெஸ்டர் வலைத்துணி. அது அகலத்தில் இம்மியளவு விட்டுக்கொடுக்கலாம், நீளத்தில் கொடுக்கவே கொடுக்காது. கடையில் விரல் நுனி லேசாக இடிக்கிறது என்றால் பதினைந்தாவது கிலோமீட்டரில் ஒவ்வொரு அடிக்கும் இடிக்கும், அடுத்த வாரம் நகம் கறுக்கும், அப்புறம் ஒருநாள் சாக்ஸைக் கழற்றும்போது நகமும் கூடவே வரும்.

அதற்குப் பிறகு கொஞ்சம் வாசித்தும், கூட ஓடுகிறவர்கள் படும் பாட்டைப் பார்த்தும் எனக்குப் புரிந்தது இதுதான்: நாம் ஷூ வாங்கும்போது காலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்க்கிறோம். நிறம், தள்ளுபடி, யூடியூப் விமர்சனம், போன ஜனவரியில் சென்னை மாரத்தான் ஓடிய அலுவலக நண்பர் என்ன போட்டிருந்தார் என்பது. கால் பாட்டுக்குக் கீழே கிடக்கும்.

முதலில் அளவு. “எனக்கு எட்டு” என்று பிறந்த நட்சத்திரம் மாதிரி ஒரு எண்ணை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பது பெரிய தவறு. எட்டு என்றால் எந்த எட்டு? நம் ஊர்க் கடைகளில் பொதுவாகச் சொல்வது யூகே அளவு. அடிடாஸில் யூகே 8 என்பது யூஎஸ் 8.5, நைக்கியிலும் ஆசிக்ஸிலும் அதே யூகே 8, யூஎஸ் 9. ஆக ஒரு பிராண்டில் அளவாக இருந்த எட்டு இன்னொன்றில் கடிக்கலாம், அல்லது தொளதொளக்கலாம். அரை சைஸுக்கு வித்தியாசம் நாலு மில்லிமீட்டர்தான், ஆனால் நகம் பிழைப்பதும் போவதும் அந்த நாலில்தான். ஷூ நாக்கின் உள்பக்கம் தைத்திருக்கும் சின்ன லேபிளில் சென்டிமீட்டர் அளவும் போட்டிருப்பார்கள், ஒரு பிராண்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது யூகே எண்ணைவிட அது நம்பகமானது.

வீட்டிலேயே அளந்துகொள்ளலாம். சுவரை ஒட்டி ஒரு வெள்ளைத்தாளைப் போட்டு, குதிகால் சுவரில் படும்படி நின்று, நீளமான விரலின் நுனியில் பென்சிலால் கோடு போடுங்கள். நின்றுகொண்டு அளக்க வேண்டும், ஏனென்றால் உடம்பின் பாரம் இறங்கும்போது பாதம் நீளும், அகலும். இரண்டு காலையும் அளவெடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒரு கால் கொஞ்சம் பெரிது, ஷூ அந்தக் காலுக்குத்தான் வாங்க வேண்டும். பலருக்குப் பெருவிரலைவிட இரண்டாவது விரல் நீளம், அவர்கள் பெருவிரலை வைத்து இடம் பார்த்தால் ஏமாந்துபோவார்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் காலியாக இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு, இன்றைக்கும் சரியான கணக்கு. அதையும் கடையில் எழுந்து நின்று, கூட வந்தவரை விட்டு அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களே குனிந்து அழுத்தினால் கால் நகர்ந்துவிடும்.

கடைக்கு எப்போது போகிறோம் என்பதும் இதில் சேர்த்திதான். காலை பத்து மணிக்குக் கடை திறந்ததும் போய் வாங்கிய ஷூ சாயங்காலம் இறுக்கும். நாள் முழுக்க நின்று நடந்து கால் வீங்கிய பிறகு, மாலையில் போங்கள், ஓடும்போது போடும் அதே சாக்ஸை எடுத்துக்கொண்டு போங்கள். மே மாதச் சென்னையில் ஒன்றரை மணி நேரம் ஓடினால் பாதம் எப்படி உப்பும் என்பதை அந்த மாலைநேரப் பாதம் ஓரளவு காட்டிக்கொடுக்கும்.

இனி அகலம். நம்மில் பலர் உண்மையில் மாட்டிக்கொள்வது இங்கேதான், ஆனால் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை. செருப்பும் வெறுங்காலுமாக வளர்ந்த கால்கள், முன்பாதம் விசிறி மாதிரி விரிந்திருக்கும். அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்க ஒரு லட்சம் பேருக்கு மேல் பாதங்களை அளந்து பார்த்தது, இந்தியர்களுக்கென்றே ஒரு அளவு முறை கொண்டுவருவதற்காக. நம் பாதங்கள் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிடப் பொதுவாக அகலம் என்பது அதில் தெரிந்தது. நாம் வாங்கும் ஷூக்களில் நல்ல பங்கு நம் ஊரிலேயே தயாராகிறது, செய்யாறு தொழிற்பேட்டையில் நைக்கி ஷூ தைக்கிறார்கள், ஆனால் அச்சு மட்டும் வேறு யாருடைய காலுக்கோ. சுண்டுவிரல் ஓரத்தில் கடித்தால் கடையில் உடனே “ஒரு சைஸ் ஏத்திக்கோங்க” என்பார்கள். ஏற்றினால் நீளம் தேவைக்கு மேல் போகும், குதிகால் உள்ளே வழுக்கும், வழுக்கினால் கொப்புளம். அகலத்துக்கு மருந்து அகலம்தான். ஆண்களுக்கான சாதாரண அகலம் டி, அதற்கு மேல் 2இ, 4இ என்று வரும். பெண்களுக்குச் சாதாரணம் பி, அகலமானது டி. எல்லா மாடலிலும் கிடைக்காது, நியூ பேலன்ஸ், ஆசிக்ஸ், புரூக்ஸ் போன்றவர்களிடம் சில மாடல்களில் கிடைக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு சுலபமான வேலை செய்யுங்கள், உள்ளே இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நில்லுங்கள். பாதம் இரண்டு பக்கமும் வழிந்தால் அந்த ஷூ உங்களுக்கில்லை, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் சரி. (பெண்கள் அகலம் கிடைக்காமல் ஆண்கள் ஷூவில், யூஎஸ் கணக்கில், ஒன்றரை சைஸ் இறங்கி வாங்குவதையும் பார்த்திருக்கிறேன். நிறம் பிடிக்கவில்லை என்ற ஒன்றைத் தவிர யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை. ஒன்றரை என்பது எல்லா பிராண்டுக்கும் பொருந்தாது, போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.)

முன்னால் சரி, பின்னால் மட்டும் லேசாகத் தூக்குகிறது என்றால் உடனே நிராகரிக்க வேண்டாம். லேஸ் ஓட்டைகளில் கணுக்கால் பக்கம் கடைசியாக ஒன்று, எதற்கென்றே தெரியாமல் சும்மா கிடக்கும் பாருங்கள், அது இதற்குத்தான். அந்தந்தப் பக்கத்து லேஸை அந்தப் பக்கத்திலேயே அந்த ஓட்டையில் நுழைத்து ஒரு சின்ன வளையம் விட்டு, எதிர்ப்பக்க லேஸை அதற்குள் கொடுத்து இழுத்துக் கட்டினால் குதிகால் அசையாது.

அடுத்தது மெத்தை மோகம். கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பது, “மெமரி ஃபோம் சார், பஞ்சு மாதிரி” என்றதும் மயங்குவது. உள்ளே போட்டிருக்கும் அந்த மெல்லிய பஞ்சு இரண்டு வாரத்தில் அப்பளமாகிவிடும். ஓடும்போது பாரத்தைத் தாங்குவது அதற்குக் கீழே இருக்கும் மிட்சோல் நுரை, அதன் குணம் நின்ற இடத்தில் தெரியாது. ஓடிப் பார்க்க வேண்டும். கடை வாசலில் நாலு அடி ஓடினால் நாலு பேர் பார்ப்பார்கள்தான், பார்த்துவிட்டுப் போகட்டும்.

தட்டைப்பாதம் விஷயத்துக்கு வருவோம். காலை நனைத்து சிமெண்டுத் தரையில் வைத்து, உள்ளங்கால் முழுக்கப் பதிந்தால் உங்களுக்குப் பாதம் உள்பக்கம் சாய்வதைத் தடுக்கும் ‘ஸ்டெபிலிட்டி’ ஷூ, வளைவு நன்றாகத் தெரிந்தால் அந்தத் தடுப்பு இல்லாத ‘நியூட்ரல்’ என்று சொல்லும் சோதனை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. சில கடைகளில் டிரெட்மில்லில் ஓடவிட்டு வீடியோ எடுத்து, பாதம் உள்பக்கம் சாய்கிறது, ப்ரொநேஷன் இருக்கிறது என்று டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொல்வார்கள். பாதம் உள்பக்கம் சாய்வது நோயே இல்லை, தரையில் மோதும் வேகத்தை உடம்பு வாங்கிக்கொள்ளும் வழி அது, எல்லோருக்கும் கொஞ்சமோ நிறையவோ இருக்கும். அமெரிக்கப் படைகளில் புதிதாகச் சேர்ந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு உள்ளங்கால் வடிவத்துக்கு ஏற்ற ஷூவும் இன்னொரு பகுதிக்கு வித்தியாசம் பார்க்காமல் ஒரே வகை ஷூவும் கொடுத்துப் பார்த்தார்கள், காயங்களில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் வரவில்லை. டென்மார்க்கில் புதிதாக ஓடத் தொடங்கிய 927 பேருக்கும் ஒரே நியூட்ரல் ஷூவைக் கொடுத்து ஓராண்டு கவனித்ததில், ஓரளவு உட்சாய்வு உள்ளவர்களுக்குக் கூடுதலாக எதுவும் ஆகிவிடவில்லை. இதற்கு மாறாக, உட்சாய்வு உள்ளவர்களுக்கு அதைத் தடுக்கும் ஷூ கொஞ்சம் உதவியதாகச் சொல்லும் ஆய்வும் இருக்கிறது, அதனால் அந்த வகை ஷூவே ஏமாற்று என்று நான் சொல்ல வரவில்லை. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் பல காலம் இதையே ஆராய்ந்த பென்னோ நிக் கடைசியில் வந்து நின்ற இடம் ரொம்ப எளிமையானது: போட்டு ஓடும்போது எது சுகமாக இருக்கிறதோ அதை எடு. நாலு ஜோடியை வரிசையாகப் போட்டு ஓடிப் பார்த்து, எதைப் போட்டிருப்பதே மறந்துபோகிறதோ அதை வாங்குங்கள். ஏற்கெனவே முட்டியிலோ குதிகாலிலோ விடாத வலி இருந்தால் மட்டும் கடைக்குப் போவதற்கு முன்னால் பிசியோதெரபிஸ்டிடம் போங்கள்.

அடுத்து கார்பன் பிளேட் ஷூ, அதாவது மிட்சோல் நுரைக்குள் விறைப்பான கார்பன் தகடு வைத்தது. கென்ய ஓட்டக்காரர் கிப்சோகே 2019இல் வியன்னாவில் 1 மணி 59 நிமிடம் 40 நொடியில் மாரத்தான் தூரத்தை ஓடி முடித்த நாளிலிருந்து எல்லோருக்கும் அது வேண்டும். இருபதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கி, கிலோமீட்டருக்கு ஏழரை நிமிடம் ஓடுகிறவர்களைத் தெரியும். அவரவர் காசு, அவரவர் ஆசை. ஆனால் நாலு சதவீத ஆற்றல் மிச்சம் என்று 2017இல் காட்டிய அந்தப் பரிசோதனையில் ஓடியவர்களின் வேகம் மணிக்கு 14 முதல் 18 கிலோமீட்டர், அதாவது அவர்களில் மெதுவான வேகமே கிலோமீட்டருக்கு நாலேகால் நிமிடம். வேகம் குறையக் குறைய பலனும் சுருங்கும். அந்த நுரை உயரமானது, நிலையில்லாமல் ஆடும், சீக்கிரம் தேயும். தினப்படி ஓட்டத்துக்கும் அதையே போட்டால் காலுக்குப் பழகாத இடங்களில் பாரம் ஏறும். இத்தகைய ஷூ போட்டு ஓடியவர்களில் ஐந்து பேருக்குப் பாதத்தின் நடு எலும்பில் அழுத்தக் காயம் வந்ததை 2023இல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஐந்து பேரை வைத்துப் பயமுறுத்த முடியாது, ஆனால் முதல் ஷூவாக அதை வாங்காமல் இருக்க எனக்கு அது போதும்.

இதே கதைதான் ‘டிராப்’ விஷயத்திலும். குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் அது, வழக்கமான ஷூக்களில் 8 முதல் 12 மில்லிமீட்டர். திடீரென்று 4க்கோ பூஜ்யத்துக்கோ இறங்கினால் கெண்டைக்காலும் குதிநாணும் ஒரு வாரத்தில் கத்த ஆரம்பிக்கும். மாற வேண்டும் என்றால் மெதுவாக மாறுங்கள்.

பேட்மிண்டன் ஷூ போட்டு ஓடுவது, ஸ்னீக்கர் போட்டு ஓடுவது, ‘ஃபர்ஸ்ட் காப்பி’ போட்டு ஓடுவது எல்லாம் இன்னமும் நடக்கிறது. முதலாவது பக்கவாட்டில் பாய்வதற்குச் செய்தது, இரண்டாவது காபி குடிக்கப் போவதற்கு, மூன்றாவது புகைப்படத்துக்கு. காசு குறைவு என்றால் டெக்கத்லான் மாதிரி இடத்தில் இரண்டாயிரம், மூவாயிரத்துக்குள் ஒழுங்கான ரன்னிங் ஷூ கிடைக்கும், போலிக்குப் போகவே வேண்டாம்.

ஆன்லைன் தள்ளுபடியில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பாதி விலைக்கு வருவது இரண்டு மூன்று வருடம் கிடங்கில் கிடந்ததாக இருக்கலாம். பெட்டியில் எம்ஆர்பி ஒட்டியிருக்கும் இடத்திலேயே தயாரித்த அல்லது இறக்குமதி செய்த மாதமும் வருடமும் இருக்கும், பாருங்கள். என் நண்பர் ஒருவர் ‘ஷோகேஸ் பீஸ்’ மாதிரி பரணில் பத்திரமாக வைத்திருந்த பழைய ஜோடியை ஒரு கார்த்திகை மாதம் எடுத்துப் போட்டு ஓடினார், இரண்டாவது கிலோமீட்டரில் அடிப்பாகம் ரஸ்க் மாதிரி உதிர்ந்து வழியெல்லாம் சிந்தியது. பாலியூரித்தேன் என்ற வகை நுரை காற்றின் ஈரத்தை வாங்கி உள்ளுக்குள்ளேயே சிதையும், போடாமல் வைத்திருந்தாலும் சிதையும், நம் கடலோரக் காற்றைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இன்றைய ரன்னிங் ஷூக்களில் அதிகம் இருப்பது இவிஏ என்ற வேறு வகை நுரை, அது இப்படி உதிராது, ஆனால் காலப்போக்கில் இறுகும், பசையும் விட்டுப்போகும்.

மற்றபடி, அடிப்பாக ரப்பர் நன்றாக இருக்கிறது என்று ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டாதீர்கள். பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் நுரை செத்துவிடும், கண்ணுக்குத் தெரியாது, முட்டிக்குத் தெரியும். குதிகாலின் வெளி ஓரம் முதலில் தேய்வதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், பலருக்கு அங்கேதான் கால் முதலில் தரை தொடும். முடிந்தால் வேறுவேறு மாதிரியான இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். லக்சம்பர்க்கில் 264 பேரை 22 வாரம் கவனித்தபோது, ஒன்றுக்கு மேற்பட்ட ஜோடிகளை மாற்றி ஓடியவர்களுக்குக் காயம்படும் வாய்ப்பு 39 சதவீதம் குறைவாக இருந்தது. மழைக்காலத்தில் இதற்கு வேறு லாபமும் உண்டு: ஒன்று நனைந்தால், செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து ஃபேன் காற்றில் காயவைக்கலாம். மொட்டைமாடி வெயிலிலோ கார் டிக்கியிலோ போட்டு வேகவைக்காதீர்கள், வாஷிங் மெஷினிலும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று, புது ஷூவை நேராகத் தெருவுக்கு எடுத்துப் போகாதீர்கள். வீட்டுக்குள் சுத்தமான தரையில் இரண்டு மூன்று நாள், அரைமணி அரைமணியாகப் போட்டு நடந்து பாருங்கள். அடியில் மண் ஒட்டாதவரை பெரும்பாலான கடைகள் மாற்றிக் கொடுக்கும். எங்கள் வீட்டில் இதில் ஒரே சிக்கல் அம்மா. ஷூவோடு ஹாலில் நடந்தால் சமையலறையிலிருந்தே குரல் வரும். “புதுசும்மா, இன்னும் வாசப்படியே தாண்டல” என்று ஒவ்வொரு முறையும் சோலைத் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் நடக்கிறேன்.