வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள்

கல்லூரியில் பாதி வகுப்பில் அலுவலக உதவியாளர் சுற்றறிக்கையோடு வாசலில் நிற்பார். ஆசிரியர் வாங்கிப் பார்த்துவிட்டு, "எஸ்சி, எஸ்டி பசங்க எல்லாம் எழுந்திருங்கப்பா, ஸ்காலர்ஷிப் ஃபார்ம் வந்திருக்கு" என்பார். ஆறேழு பேர் எழுவார்கள். மற்ற ஐம்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருவன் மட்டும் நோட்டுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருப்பான். அந்த வருடம் அவனுக்கு உதவித்தொகை போச்சு.

ஆசிரியருக்குக் கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, பழக்கம்தான். ஆனால் வகுப்பில் மாணவரின் சாதியை, மதத்தை, ஊரை அறிவிக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2012-இல் கொண்டுவந்த சமத்துவ விதிமுறைகளே சொல்கின்றன. செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன வேலை: கடைசித் தேதியை வகுப்பு முழுவதற்கும் பொதுவாகச் சொல்லுங்கள், உரியவர்களின் செல்பேசிக்குத் தனியே செய்தி அனுப்புங்கள்.

அப்புறம் விடுதி. "அவங்க ஆளுங்களோட இருந்தா வசதியா இருக்கும்" என்று ஒரே மாடியில் அறை ஒதுக்குவது கரிசனம் போலத் தெரியும். தில்லி எய்ம்ஸை ஆராய்ந்த தோரட் குழு, பட்டியலின, பழங்குடி மாணவர்கள் விடுதியின் குறிப்பிட்ட மாடிகளில் ஒதுங்கிக் கிடந்ததை 2007-இல் பதிவு செய்தது. சாப்பாட்டுக் கூடத்திலும் இதே கதைதான். 2018 டிசம்பரில் சென்னை ஐஐடி உணவகம் ஒன்றில் சைவ உணவு சாப்பிடுபவர்களுக்குத் தனி வாசல், தனிக் கைகழுவுமிடம் என்று போஸ்டர் ஒட்டினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் எடுத்துவிட்டார்கள். தனிக் கரண்டி, தனிப் பாத்திரம் கேட்பது நியாயம். வாசல் எதற்கு?

நாகாலாந்து மாணவர் அகுனி சமைத்தால் நாற்றம் என்று வார்டனிடம் புகார் போகும். புளிக்கவைத்த சோயாதான் அது. கருவாடு வறுக்கும் ஊரில் இருந்துகொண்டு நாம் மூக்கைப் பொத்துவது கொஞ்சம் ஓவர். அதே மாணவரைக் கலாச்சார விழாவுக்கு மட்டும் தேடிப் பிடித்து, "நார்த் ஈஸ்ட் டான்ஸ் ஒன்னு போடுங்க" என்போம். அவர் கணினி அறிவியல் படிக்க வந்தவர், ஆடத் தெரியுமா என்று யாரும் கேட்டிருக்க மாட்டோம்.

சரி, புகாரை எங்கே கொடுப்பது? சம வாய்ப்பு மையமும் பாகுபாடு தடுப்பு அலுவலரும் இருக்க வேண்டும் என்கின்றன அதே விதிமுறைகள். பெரும்பாலும் பெயர்ப்பலகை இருக்கும். உங்கள் கல்லூரியில் முதலாண்டு மாணவர் மூன்று பேரிடம் அந்த அலுவலரின் பெயரைக் கேட்டுப் பாருங்கள்.